ரிம்மில் தேங்காய் எண்ணெய்

எட்டாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களே, ஒன்பதாம் வகுப்புக்கு நான் ஏன் வரவில்லை என்று உங்களில் ஒருத்திகூட இதுவரை கேட்டதில்லை. இப்போது போனில் குழு ஆரம்பித்து, பேரப்பிள்ளைகளின் படமும் முட்டிவலிக்கு வைத்தியமும் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். டீச்சராக ஓய்வு பெற்றவர்கள், பேங்கில் ஓய்வு பெற்றவர்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டீர்கள். என் முறை வந்தபோது "தென்காசியில் சைக்கிள் கடை" என்று போட்டேன். எல்லோரும் ஒரு கைகூப்பும் படத்தை அனுப்பிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டீர்கள். நீங்கள் கேட்காவிட்டால் என்ன, நானே சொல்கிறேன். போன ஆனி மாதம் வரைக்கும் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. இப்போது வருகிறது.

என் அப்பா குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜராக இருந்தார் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். லாட்ஜுக்குப் பின்னால் எங்களுக்கு இரண்டு அறை. சீசன் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் எதுவும் காயாது. துணி காயாது, விறகு காயாது, தலை காயாது. பேரருவிச் சத்தம் ராத்திரி பகலாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். உரக்கப் பேசியே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தொண்டை பெருத்துவிட்டது. இன்னொன்று எண்ணெய் வாசனை. வந்தவர்களெல்லாம் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவார்கள். மிச்ச எண்ணெயைக் கிண்ணத்திலும் பாட்டிலிலும் அறையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். லாட்ஜில் எந்த ஜன்னலைத் தொட்டாலும் கை பிசுபிசுக்கும்.

அந்த எண்ணெய் வீணாகாது. சாரல் காற்று இரும்பை விட்டு வைக்காது இல்லையா, அதனால் பூட்டு, அரிவாள், கதவுக் கீல் எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய்தான். சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ரிம்மின் இரண்டு பக்கத்தையும் எண்ணெய்த் துணியால் துடைப்பார்கள். ரிம் கண்ணாடி போல மினுங்கும். பிரேக்குக்கும் ஒன்றும் ஆகாது. ஏன் ஆகாது என்பதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள், கதையே அதில்தான் இருக்கிறது. நம் ஊர் சைக்கிளில் கம்பி பிரேக். ஹேண்டிலை அழுத்தினால் கம்பி மேலே இழுக்கும், பிரேக் கட்டை ரிம்மின் உள்வளையத்தைப் போய்த் தொடும். பக்கவாட்டை அது தொடுவதே இல்லை. பக்கவாட்டில் நீங்கள் எண்ணெய் பூசினால் என்ன, சந்தனம் பூசினால் என்ன.

அந்த வருஷம் சீசன் தொடங்கும்போது ஒரு வெள்ளைக்காரி வந்தாள். எங்கோ கடல் தாண்டிப் புறப்பட்டுப் பாதி உலகத்தைச் சைக்கிளிலேயே சுற்றிக்கொண்டு, செங்கோட்டை வழியாக இறங்கி வந்தவள். சைக்கிளின் இரண்டு பக்கமும் கான்வாஸ் பை தொங்கும். நடுவில் குறுக்குக் கம்பி கிடையாது. முன்னாலிருந்து இரண்டு ஒல்லிக் குழாய்கள் சரிந்து பின்சக்கரம் வரை போகும், பாவாடையோடு ஏறி உட்காரலாம். எங்கள் லாட்ஜில் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அம்மாதான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனது நான். உடம்பு தேறியதும் இனிச் சைக்கிள் மிதிக்கத் தெம்பில்லை என்று ரயிலில் ஊருக்குப் போக முடிவு செய்தாள். போகிற அன்று சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, அப்பா கையில் கொடுக்காமல் என் கையில் கொடுத்தாள். சீட்டுக்குப் பின்னால் ஒரு குட்டித் தோல் பை, அதற்குள் ஒரு ஸ்பானர். அப்பாவிடம் இங்கிலீஷில் சொன்னாள், இது உங்கள் மகளுக்கு என்று. அப்பாவும் சரி என்றார். என் சித்தப்பாவும் பக்கத்தில் நின்றார். அவர் காதிலும் அது விழுந்தது.

சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி. வேலை கிடைக்கும் வரை என்று எங்களோடு தங்கியிருந்தார். மினுக்குவதில் அவருக்குப் பைத்தியம். செருப்பு மினுங்க வேண்டும், தலைமுடி மினுங்க வேண்டும். வெள்ளைக்காரி போன ரயில் செங்கோட்டையைத் தாண்டியிருக்காது, அதற்குள் சைக்கிள் அவருடையதாகிவிட்டது. என்னோடது என்று அம்மாவிடம் அழுதேன். பெரியவர் ஓட்டிவிட்டுத் தரட்டும் என்றாள்.

ஆனால் அப்பா ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். ஒன்பதாம் வகுப்புக்குத் தென்காசிக்குப் போக வேண்டும். சீசன் பஸ் எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும், குடித்தவனும் குளித்தவனுமாகப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வரும். அந்த பஸ்ஸில் பெண்பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்பதில் அப்பா பிடிவாதமாக இருந்தார். சைக்கிள் இருப்பதால் போகலாம் என்றார். அந்தச் சைக்கிள்தான் என் ஒன்பதாம் வகுப்பு. அது நின்றால் நானும் நின்றேன்.

அதனால் அதைப் பொன்னாகப் பார்த்துக்கொண்டேன். அதற்குப் பின்சக்கரத்தில் மட்டும்தான் பிரேக், அது எனக்கு அதிசயமாக இருந்தது. கம்பி கிடையாது, வயர். லீவரை அழுத்தினால் இடுக்கி மாதிரி இரண்டு கை ரிம்மின் பக்கவாட்டை இரண்டு புறமும் கவ்வும். ஒருநாள் பின்சக்கரத்தில் கட்டை உரசி, கிரீச்சென்று சத்தம் வந்தது. தோல் பையிலிருந்த ஸ்பானரை எடுத்து, கைகள் இரண்டையும் நடுவாக்கி முடுக்கினேன். சத்தம் நின்றுவிட்டது. பிரேக்கும் நன்றாகப் பிடித்தது. நான் குனிந்து திருகிக்கொண்டிருந்ததை அப்பா பார்த்தார், அண்ணன் பார்த்தான், சித்தப்பாவும் பார்த்தார். எல்லோரும் பார்க்கும்படிதானே செய்தேன், திருட்டுத்தனமாகவா செய்தேன்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஐந்தருவிச் சாலையில் பாதி தூரம் ஏறி இறங்கி வந்தேன். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. மத்தியானம் சித்தப்பா லாட்ஜ் வராந்தாவில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு கிண்ணத்தில் எண்ணெய், கையில் பனியன் துணி. ஊர் வழக்கப்படி ரிம்மின் இரண்டு பக்கமும் தேய் தேய் என்று தேய்த்தார். நான் அரிசி புடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் தப்பாகத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றியிருக்காது. அதுவரைக்கும் நடந்ததில் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தெரியாமல் செய்தார்.

சாயங்காலம் அண்ணன் சைக்கிளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், பந்தை உதைத்தால் லாட்ஜுக்கு அந்தப் பக்கம் போய் விழும். ஐந்தருவி வரை ஏறிவிட்டு, சாரலில் திரும்பி இறங்கியிருக்கிறான். லீவரை அழுத்தினால் கை ஹேண்டிலோடு ஒட்டிக்கொண்டதே தவிர சைக்கிள் நிற்கவில்லை. எதிரே ஆட்களை ஏற்றிக்கொண்டு வேன். ஒதுங்கப் போய்ப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதினான். தொடையெலும்பு இரண்டாகிவிட்டது.

அப்பாவும் அம்மாவும் அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சைக்கிளைத் தூக்கி வந்தது சித்தப்பா. கிணற்றடியில் வைத்து மண்ணெண்ணெய் ஊற்றி ரிம்மைத் துடைத்தார். அப்புறம் அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டுத் தேய்த்தார். பிரேக் கட்டைகளைக்கூடக் கல்லில் உரசினார். நான் பக்கத்தில் போனேன். ரத்தம் பட்டிருக்குமோ, அதைத்தான் கழுவுகிறாரோ என்று நினைத்தேன். "தள்ளிப் போட்டி அங்கன" என்று விரட்டினார். அவ்வளவு பயந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்பா வந்து பின்சக்கரத்தைச் சுற்றி, லீவரை அழுத்திப் பார்த்தார். சக்கரம் டக்கென்று நின்றது. பிடிக்கத்தானே செய்கிறது என்று கேட்டார்.

சித்தப்பா சொன்னார்: "இப்பதான் நான் முறுக்குனேன் அண்ணாச்சி. இவ ஸ்பானர வச்சு திருகிக்கிட்டு கெடந்தால்லா, தளத்தி வுட்டுட்டா."

அவ்வளவுதான். நான் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. திருகியது நான்தான் என்று எல்லோரும் பார்த்திருந்தார்களே. அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் வலித்து ஆறியிருக்கும். "படிச்சு கிழிச்சது போதும், வீட்ல கெட" என்றார். அண்ணனுக்கு ஒரு கால் குட்டையாகவே கூடியது. நான் அவனுக்கு வென்னீர் வைத்தேன், கட்டு மாற்றினேன். அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. நீங்கள் தாவணி போட்டுக்கொண்டு தென்காசிக்குப் போன வருஷம் நான் அவனுடைய அழுக்குத் துணியை அலசிக்கொண்டிருந்தேன். சித்தப்பாவுக்கு அந்தத் தையில் அரசாங்க வேலை கிடைத்தது. சைக்கிளையும் ராசியில்லாத பொருள் என்று சொல்லிக்கொண்டு அவரே கொண்டுபோனார். ஸ்பானரை மட்டும் நான் விடவில்லை. அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

பிறகு கல்யாணம். அவருக்குத் தென்காசியில் சைக்கிள் கடை. சாப்பாடு கொண்டுபோனவள் வளைந்த சக்கரத்தை நிமிர்த்திக் கோட்டம் எடுக்கக் கற்றுக்கொண்டேன், பிறகு கடையே என் கைக்கு வந்தது. ஒருநாள் பாவூர்சத்திரம் காய்கறி வியாபாரி ஒருவர் வெளிநாட்டு சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்தார். இடுக்கி பிரேக். வாங்கின நாளிலிருந்து பிடிக்கவே இல்லை என்றார். சக்கரத்தைத் தொட்டேன். விரல் வழுக்கியது. முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய். பக்கவாட்டைக் கவ்வுகிற பிரேக்குக்குப் பக்கவாட்டில் எண்ணெய் பூசினால் எப்படிப் பிடிக்கும்? கிணற்றடியும் சாம்பலும் மண்ணெண்ணெய் வாடையும் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றன. அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சித்தப்பாவுக்குச் சைக்கிளைத் தூக்கிய அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் என் தலையில் போட்டார்.

யாரிடம் போய்ச் சொல்ல? அப்பா அம்மா போய்விட்டார்கள். அண்ணன் என் கடைப் பக்கமே வர மாட்டான். பஸ் ஸ்டாண்டுக்கு என் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும், கம்பை ஊன்றிக்கொண்டு எதிர்ச் சாரியில் போவான். ஒருமுறை அவன் மகன் என்னிடம் பிரேக் மாட்டிக்கொண்டு போனதற்கு, அதைக் கழற்றி வேறு கடையில் மாட்டச் சொன்னானாம். சாட்சி இல்லாமல் அவனிடம் போய் நின்றால் தப்பிக்கப் பார்க்கிறாள் என்பான். நான் கறுவிக்கொண்டு காத்திருந்தேன். வயிறெரிய எரியக் காத்திருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சித்தப்பா நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று காசி விசுவநாதர் கோயிலில் விளக்குப் போட்டிருக்கிறேன்.

விளக்கு வீண்போகவில்லை. போன சித்திரையில் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி, கடைக்கு வந்தான். சென்னையில் இருப்பவன், அவனுக்கு ஒன்றும் தெரியாது. அப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம், பரண்மேல் அவருடைய பழைய சீமை சைக்கிள் கிடக்கிறது, சரிபண்ணி மண்டபத்தில் நிறுத்தினால் அசந்துபோவார் என்றான். அப்பாவுடைய சைக்கிள்! கொண்டு வாப்பா என்றேன்.

வந்தது. பெயின்ட் உரிந்து, மட்கார்டு நசுங்கி, மணியும் தோல் பையும் காணாமல் போய் வந்தது. குழாய்கள் திடமாக இருந்தன. சக்கரம் கோர்த்து, கோட்டம் எடுத்து, ரிம்முக்கு மறுபடி குரோமியம் ஏற்றி வாங்கினேன். அப்புறம் பிரேக்குக்கு வந்தேன்.

பிரேக்கைத் தேர்ந்தெடுக்கத்தான் அதிக நாள் எடுத்துக்கொண்டேன். தம்பி கம்பி பிரேக் போதும் என்றான். இந்த ரிம்மின் உள்வளையம் அதற்குச் சரிப்படாது, ரிம்மையே மாற்ற வேண்டும். யாராவது நீண்ட பயணம் போகிற சைக்கிளைக் கொண்டுவந்தால் நான் டிரம் பிரேக்தான் போட்டுக் கொடுப்பேன். பிடிக்கிற வேலையெல்லாம் சக்கரத்தின் நடுக் குடத்துக்குள்ளேயே நடக்கும். ரிம்மில் மழை பெய்தால் என்ன, எண்ணெய் பூசினால் என்ன, நிற்கும். நம் சாரலுக்கு அதுதான் புத்தி. அதைப் போட்டிருந்தால் சித்தப்பா நிம்மதியாகத் தூங்கியிருப்பார். போடவில்லை. பழையபடி இடுக்கியேதான் போடுவது என்று முடிவு செய்தேன்.

பழைய கைகளில் ஒன்றின் ஸ்பிரிங் போயிருந்தது. புது இடுக்கிகளை வைத்துப் பார்த்தால் கை குட்டையாக இருந்தது, இடுக்கியை மாட்டும் ஆணித் துளையிலிருந்து ரிம் வரை எட்டவில்லை. நீளக் கை உள்ளதைப் பெங்களூரில் தேடிப் பிடித்து வரவழைத்தேன். பழைய ரப்பர் கட்டைகள் கல்லாகிவிட்டிருந்தன. ஈர இரும்பில் ரப்பரைவிடத் தோல் நன்றாகப் பிடிக்கும், தோல் ஒட்டிய கட்டை போட்டேன். கட்டையின் முன்முனை ஒரு நூலிழை முந்தித் தொடும்படி சாய்த்து வைத்தேன், கிரீச்சிடாது. வயருக்கு உள்ளே கிரீஸ் விட்டேன். கடைசி நட்டை வெள்ளைக்காரியின் ஸ்பானரால் முடுக்கினேன். அன்றைக்கு முடுக்கிய அதே இடம், அதே கை. அப்புறம் மழையில் ஐந்தருவிச் சாலைக்கே கொண்டுபோய் இறக்கிப் பார்த்தேன். நினைத்த இடத்தில் நின்றது.

விழா குற்றாலம் ரோட்டு மண்டபத்தில். வாசலிலிருந்து ரோட்டுக்கு நல்ல இறக்கம். சாரல் பொசுபொசுவென்று விழுந்துகொண்டிருந்தது. சித்தப்பாவும் சித்தியும் மாலையும் கழுத்துமாக வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து காலில் விழுந்து திருநீறு வாங்கினார்கள். சித்தப்பா தோளில் ஜரிகை வைத்த பட்டு நேரியல். அண்ணன் கம்போடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். விழுந்து எழ நேரமாகும் என்று கடைசியில் விழுவதாகச் சொல்லியிருந்தான்.

தம்பி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். சித்தப்பா சிரித்தார். பிறகு பின்சக்கரத்தைப் பார்த்தார், இடுக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பு குறைந்தது. அவர் பேத்தி, காலேஜ் படிக்கிறவள், தாத்தா சைக்கிளில் ரோடு வரை ஒரு ரவுண்டு போகிறேன் என்று ஏறி உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்று சீட்டைப் பிடித்துக்கொண்டேன். கைப்பையிலிருந்து எண்ணெய் பாட்டிலையும் துணியையும் எடுத்துத் தம்பியிடம் நீட்டினேன்.

"சாரல் விழுது தம்பி, ரிம்மு துருப்பிடிச்சிரும். ரெண்டு பக்கமும் நல்லா தொடச்சு வுடு" என்றேன்.

சித்தப்பா வளர்த்த பிள்ளை அல்லவா, உட்கார்ந்து பின்ரிம்மை மினுங்க மினுங்கத் துடைத்தான். பேத்தி ஒரு காலைப் பெடலில் வைத்தாள். ரோட்டில் வேனும் பஸ்ஸுமாகப் போய்க்கொண்டிருந்தன. என் கை சீட்டுக்கு அடியில் இரும்பாக இறுகியிருந்தது, யானை இழுத்தாலும் விட்டிருக்க மாட்டேன். ஆனால் அது நாற்காலியில் இருந்தவருக்குத் தெரியாது. சித்தப்பாவின் முகம் அன்றைக்குக் கிணற்றடியில் பார்த்த முகமாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவசரப்படவில்லை. இத்தனை காலம் பொறுத்தவள்.

எழுந்துவிட்டார். மாலை ஒரு பக்கம் சரிந்தது.

"ஏட்டி எறங்கு. எண்ணெ பட்டா அந்த பிரேக்கு பிடிக்காது."

என் அண்ணனுக்குத் திறக்காத வாய் பேத்திக்குத் திறந்தது. நான் கேட்டேன், சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

"அது ஒங்களுக்கு எப்பம் தெரியும் சித்தப்பா?"

தம்பி சிரித்துக்கொண்டே, ரிம்முக்கு எண்ணெய் போடச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தானே அப்பா என்றான். அவர் சரிந்த மாலையை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் சொன்னேன். வராந்தா, கிண்ணம், பனியன் துணி, மண்ணெண்ணெய், சாம்பல் எல்லாவற்றையும் சொந்தக்காரர்கள் முன்னால் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒன்றைக்கூட அவர் மறுக்கவில்லை. சித்தி மட்டும் இன்றைக்குப் போய் இதெல்லாம் எதற்கு என்றாள். இன்றைக்குத்தான் சித்தி, எல்லோரும் இருக்கிறார்களே என்றேன்.

அண்ணன் கம்பை ஊன்றி எழுந்து வந்தான். விரலால் ரிம்மைத் தொட்டு முகர்ந்தான். பிறகு சித்தப்பா முன்னால் போய் நின்றான். காலில் விழுவான் என்று எல்லோரும் வழி விட்டார்கள்.

"சின்னப் பிள்ள மேல போட்டுட்டேரே" என்றான். திரும்பி, திருநீறு வாங்காமல், இறக்கத்தில் இறங்கிப் போய்விட்டான்.

பேத்தியை இறங்கச் சொன்னேன். சித்தப்பா தோளிலிருந்த பட்டு நேரியலை உருவினேன். தடுக்கவில்லை. பெட்ரோல் பாட்டிலும் பையில் தயாராக இருந்தது. நேரியலை நனைத்து, ஜரிகை கறுக்கக் கறுக்க ரிம்மைத் துடைத்தேன். காய்ந்ததும் இன்னொரு முறை துடைத்தேன். பிறகு, இது என் சைக்கிள் என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, பட்டுச் சேலையோடு ஏறி உட்கார்ந்தேன்.

இறக்கத்தில் சைக்கிள் பறந்தது. கீழே அண்ணன் ரோட்டைக் கடக்கத் தெரியாமல் சாரலில் நின்றுகொண்டிருந்தான். சத்தம் கேட்டுத் திரும்பியவன் ஒதுங்கவில்லை. லீவரை அழுத்தினேன். அவனுடைய கம்புக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் நின்றேன்.

அவன் முதலில் சக்கரத்தைப் பார்த்தான். பிறகு என் முகத்தை.

"நின்னுட்டேட்டி" என்றான்.

சித்தப்பா இரண்டு முறை ஆள் அனுப்பினார், வந்து பார்க்கச் சொல்லி. போகவில்லை. போகவும் மாட்டேன். தம்பி போனில் தயங்கித் தயங்கி, பட்டு நேரியலையாவது தர முடியுமா அக்கா, அப்பா ஆசையாக வாங்கியது என்று கேட்டான். தர முடியாது, உபயோகத்தில் இருக்கிறது என்றேன். உண்மைதான். கடையில் ஆணியில் தொங்குகிறது. உங்கள் பேத்திகளின் சைக்கிள் ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள், பிரேக் சரிபார்த்துத் தருகிறேன். கிரீஸை அந்த நேரியலில்தான் துடைத்துக்கொள்கிறேன்.